மாணிக்கக் கல்: குணம், நம்பிக்கை, வாங்கும்போது வரும் சந்தேகங்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளிலும், சின்னக்கடை வீதி நகைக்கடைகளிலும், ஏற்காட்டில் கல் விற்கும் கடைகளிலும் மாணிக்கத்தைப் பற்றி ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறோம். நம்பிக்கை எது, கல்லின் இயல்பு எது என்பதைப் பிரித்துச் சொல்வதுதான் நோக்கம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பணமும் சில சமயம் உடம்பும் கெடுவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1. மாணிக்கம், கெம்பு, ரூபி, பதுமராகம்… எல்லாம் ஒண்ணுதானுங்களா?

மாணிக்கம், ரூபி, பதுமராகம் மூன்றும் ஒரே கல்லின் பெயர்கள். குருந்தம் என்ற கனிமம் சிவப்பாக விளைந்தால் மாணிக்கம். நீலமாக விளைந்தால் நீலக்கல். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான் குருந்தம். கலப்பில்லாமல் இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. நூற்றில் ஒரு பங்குகூட வராத குரோமியம் உள்ளே கலந்தால் போதும், ரத்தச் சிவப்பு வந்துவிடும். ஆங்கிலத்தில் இந்தக் கனிமத்துக்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நம்முடைய குருந்தத்திலிருந்து போனதுதான்.

கெம்பு என்ற சொல்லிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு, அவ்வளவுதான். பாட்டி காலத்து அட்டிகையில் இருக்கும் கெம்பு அசல் மாணிக்கமாக இருக்கலாம். இன்றைக்குப் பரதநாட்டிய நகை செட்டில் வரும் கெம்பு பெரும்பாலும் கண்ணாடி, இல்லாவிட்டால் செயற்கைக் கல். அதனால் பில்லில் 'கெம்பு' என்று மட்டும் எழுதியிருந்தால் அது மாணிக்கத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

2. நம்ம ஜில்லாவுலயே மாணிக்கம் கிடைக்குதாமே, நெசமா?

நிஜம்தான். நாமக்கல் மாவட்டம் பரமத்தி பக்கம் உள்ள சித்தம்பூண்டியில் சிவப்புக் குருந்தம் உண்டு. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை அதுவும் சேலம் ஜில்லாதான். அங்கே இருப்பது அனார்த்தோசைட் என்ற வெளுத்த பாறை. நிலவின் மேட்டு நிலங்களில் இருக்கும் பாறையும் இதே இனம் என்பதால், சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தைச் சோதிக்க இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தபோது சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்ப் பாறைகளைத்தான் எடுத்து அரைத்தார்கள். அந்த வெளுத்த பாறைக்குள்ளே இளஞ்சிவப்பிலிருந்து மங்கிய சிவப்பு வரைக்கும் குருந்தம் பதிந்திருக்கும். அதில் பெரும்பகுதி ஒளி ஊடுருவாத கல். பட்டை தீட்டி மோதிரத்தில் வைக்கும் தரம் அரிது. வழவழப்பாக மழுக்கித் தேய்த்து வைக்கலாம். குருந்தத்தைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணை பிடிக்கும் சக்கரம் செய்வது நம் நாட்டில் பழைய வழக்கம்.

சேர்வராயன் மலையில் கிடைப்பது பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அங்கிருந்தும் கனிமம் இறங்கியது. "மாணிக்கமும் அலுமினியம், பாக்சைட்டும் அலுமினியம், அப்படியானால் ஏற்காட்டிலும் மாணிக்கம் விளையும்" என்று சொல்பவர்கள் உண்டு. பாக்சைட் என்பது மழையிலும் வெயிலிலும் பாறையின் மேற்பகுதி மக்கி உண்டானது. குருந்தம் பூமியின் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவாவது. 'ஏற்காட்டு மாணிக்கம்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். சித்தம்பூண்டிப் பக்கம் போய் நாமே தோண்டலாமா என்றும் கேட்கிறார்கள். அரசின் அனுமதி இல்லாமல் கனிமம் தோண்டுவது குற்றம்.

3. மாணிக்கத்துக்கு என்னென்ன குணம் இருக்குன்னு சொல்றாங்க?

நம் பக்கத்தில் மாணிக்கம் சூரியனுடைய கல். நவரத்தின மோதிரத்தில் நடுவில் உட்காருவதும் அதுதான். சூரியன் தந்தைக்கும் ஆன்மாவுக்கும் அதிகாரத்துக்கும் காரகன் என்பது ஜோதிடக் கணக்கு. ஆகவே அரசு வேலை, பதவி உயர்வு, அப்பாவோடு மனத்தாங்கல் தீர்வது, பேசும்போது பயம் போவது என்று இதற்குப் பலன் சொல்வார்கள். உடம்பில் கண், இதயம், எலும்பு, ரத்தம் இவை சூரியனின் பொறுப்பு. ஆகவே பார்வை மங்கல், ரத்தக் குறைவு, படபடப்பு, முதுகுவலி, விடாத காய்ச்சல் ஆகியவற்றுக்கு மாணிக்கம் நல்லது என்பது நம்பிக்கை.

இதற்கு ஒரு புராணக் கதை இருக்கிறது. கருட புராணத்தில் பலன் என்ற அசுரனின் உடல் சிதறி ஒவ்வொரு உறுப்பும் ஒவ்வொரு ரத்தினமாக ஆகிறது. பற்கள் முத்தாக, ரத்தம் மாணிக்கமாக. ரத்தத்தைச் சூரியன் ஏந்திக்கொண்டு போகையில் இராவணன் வழிமறிக்க, அது இலங்கையின் ஆற்றில் விழுந்ததாம். இலங்கையில் ஆற்றுப் படுகைகளைத் தோண்டித்தான் இன்றும் மாணிக்கம் எடுக்கிறார்கள். கதை கட்டியவர்களுக்குக் கல் எங்கே கிடைக்கும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வெளியூர் நம்பிக்கைகளும் ரத்தத்தைச் சுற்றித்தான். பர்மாவில் போர்வீரர்கள் மாணிக்கத்தைச் சதைக்குள் புதைத்துத் தைத்துக்கொண்டால் ஆயுதம் துளைக்காது என்று நம்பினார்கள். ஐரோப்பாவில் ஆபத்து நெருங்கினால் மாணிக்கம் கறுத்துக் காட்டும் என்றார்கள். பார்த்தால் ரத்தம் மாதிரி இருக்கிறது, ஆகவே ரத்தத்தைக் காக்கும் என்ற எண்ணம் கடல் கடந்தும் ஒன்றாகவே இருக்கிறது.

4. நாகமாணிக்கம் உண்மையிலேயே இருக்கா? வீடியோவுல பாம்பு கக்குதே?

இல்லை. எந்தப் பாம்பின் தலையிலும் வாயிலும் கல் விளைவதில்லை. வீடியோவில் வருவது கண்ணாடிக் குண்டு, அல்லது வெளிச்சத்தில் வைத்து எடுத்தால் இருட்டில் மினுங்கும் ரசாயனம் பூசிய உருண்டை. பாம்பின் வாயில் திணித்துக் கக்க வைப்பார்கள். மாணிக்கம் தானாக இருட்டில் ஒளிராது. புற ஊதா வெளிச்சம் பட்டால் மட்டும் சில கற்கள் நெருப்புத் துண்டு போல் சிவக்கும் (கேள்வி 12). வீடு நிலம் விற்று நாகமாணிக்கத்துக்கு முன்பணம் கட்டுவதாக யாராவது வீட்டில் பேசினால் உடனே தடுத்து நிறுத்துங்கள். பாம்பைப் பிடித்து வைத்திருப்பதே வனவிலங்குச் சட்டத்தில் குற்றம்.

5. ரத்தம் கம்மியா இருக்கு, பிரஷரும் இருக்கு. மாணிக்கம் போட்டா சரியாயிடுமா?

ஆகாது. மோதிரத்தில் இருக்கும் மாணிக்கத்திலிருந்து உடம்புக்குள் எதுவும் போவதில்லை. தண்ணீரிலும் வியர்வையிலும் கரையாத கல் அது. ரத்தத்தின் சிவப்பு இரும்பால் வருவது. மாணிக்கத்தின் சிவப்பு குரோமியத்தால் வருவது. இரும்பு அதிகம் கலந்த மாணிக்கம் மங்கலாகத்தான் இருக்கும். நிறம் ஒத்துப்போகிறதே தவிர, பொருள் ஒத்துப்போகவில்லை.

ரத்தக் குறைவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். காரணம் இரும்புச் சத்துக் குறைவா, குடல் புழுவா, அதிக மாதவிடாயா என்று தெரிந்தால்தான் மருந்து. கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரை அங்கே இலவசமாகவே கிடைக்கிறது. பிரஷர் மாத்திரையை "கல் போட்டிருக்கிறோமே" என்று நிறுத்துவது எங்களுக்கு மிகவும் கவலை தருகிற விஷயம். மோதிரத்தைக் கழற்ற வேண்டாம். மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

ஒரு சட்டமும் தெரிந்திருக்கட்டும். மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபணைக்குரிய விளம்பரங்கள்) சட்டம், 1954. தாயத்து, மந்திரம், கவசம் போன்றவை நீரிழிவு, ரத்த அழுத்தம், இதய நோய், புற்றுநோய் முதலான பட்டியலில் உள்ள நோய்களைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. 'சுகர் குறையும் மாணிக்கம்' என்று நோட்டீஸ் அடித்தால் அது வியாபாரப் பேச்சு என்று விட்டுவிடக்கூடியது கிடையாது.

6. ஆனா போட்டதுக்கு அப்புறம் எனக்கு நெஞ்சுப் படபடப்பு நின்னுச்சே?

நின்றதை நாங்கள் மறுக்கவில்லை. பயத்தால் வரும் படபடப்பு, தூக்கமின்மை, மேடைக் கூச்சம் இவையெல்லாம் மனசு தைரியப்பட்டால் குறையும். நாள் பார்த்து, கோயிலுக்குப் போய், பெரியவர் கையால் வாங்கிப் போட்டுக்கொண்ட மோதிரம் அந்தத் தைரியத்தைக் கொடுக்கக்கூடியதுதான். சில உபாதைகள் தானாகவும் அடங்கும். ஆனால் படிக்கட்டு ஏறும்போது படபடப்பு, மூச்சு வாங்குதல், இடது கைக்கு இழுக்கும் வலி என்றால் அது மனசு சம்பந்தப்பட்டதாக இருக்காது. அன்றைக்கே ஈசிஜி எடுங்கள்.

7. கல்லை ராத்திரி தண்ணியில போட்டு வச்சு காலையில குடிக்கச் சொல்றாங்க. குடிக்கலாங்களா?

வேண்டாம். அசல் கல்லாக இருந்தால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஆனால் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி ஈயக் கண்ணாடி நிரப்பியது (கேள்வி 13). ஈயம் கலந்த பொருளை ஊறவைத்த தண்ணீரைத் தினமும் குடிப்பது, அதிலும் எலுமிச்சை பிழிந்து குடிப்பது, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொஞ்சமும் ஆகாது. நகையிலிருந்து கழற்றிய கல்லில் பசையும் பாலிஷ் மருந்தும் ஒட்டியிருக்கும், அதுவும் வயிற்றுக்குள் போகும்.

மாணிக்கத்தைப் பஸ்மமாக்கிக் கொடுக்கும் முறை நாட்டு மருத்துவத்தில் உண்டு. அதைப் பதிவு பெற்ற மருத்துவர் கொடுத்தால் மட்டும் சாப்பிடுங்கள். வீட்டில் கல்லை இடித்துச் சாப்பிடுவது குருந்தப் பொடியை, அதாவது சாணைப் பொடியை விழுங்குவதற்குச் சமம்.

8. யார் போடலாம்? எந்த விரல், எந்தக் கிழமை?

இது முழுக்க நம்பிக்கை சார்ந்தது, வழக்கத்தைச் சொல்கிறோம். சூரியன் ஜாதகத்தில் நன்மை செய்யும் இடத்தில் இருந்து பலம் குறைந்திருப்பவர்களுக்கும், சிம்ம லக்னம் அல்லது சிம்ம ராசிக்காரர்களுக்கும், எண் கணிதப்படி 1, 10, 19, 28 தேதிகளில் பிறந்தவர்களுக்கும் சொல்வார்கள். வலது கை மோதிர விரல். தங்கம் அல்லது தாமிரம். ஞாயிற்றுக்கிழமை சூரிய உதயத்திலிருந்து ஒரு மணி நேரம் சூரிய ஓரை, அதற்குள் அணிய வேண்டும். அன்றைக்கு ராகு காலம் சாயங்காலம் 4.30 முதல் 6 வரை என்பதால் காலையில் இடைஞ்சல் வராது.

முந்தின நாள் மோதிரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள். காலையில் தாமிரத் தட்டில் ஒரு பிடி கோதுமை பரப்பி, அதன்மேல் சிவப்புத் துணி விரித்து மோதிரத்தை வைத்து, செந்நிறப் பூ சாத்தி, கிழக்கே பார்த்து வணங்கி அணிவார்கள். சூரியனுக்குரிய தானியம் கோதுமை. பசும்பாலில் நனைப்பதானால் ஒரு நிமிடம் நனைத்து உடனே கழுவிவிடுங்கள். திறந்த பின்பக்கத்தில் பால் காய்ந்தால் வாடை அடிக்கும், கல்லும் மங்கும். ஆடுதுறை பக்கம் சூரியனார் கோவிலுக்குப் போய்வந்து போடுகிறவர்களும் உண்டு; போக முடியாதவர்கள் ஊர்க்கோயில் நவக்கிரக சன்னதியிலேயே வைத்து வாங்கிக்கொள்கிறார்கள்.

9. நான் ஜூலை மாசம் பொறந்தேன், கடைக்காரர் ரூபிதான் உங்களுக்குன்னார். ஜோசியர் வேண்டாங்கறார். யார் சொல்றது சரி?

இருவரும் வெவ்வேறு கணக்குப் போடுகிறார்கள். ஜூலைக்கு மாணிக்கம் என்பது 1912-இல் அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் கூடி வெளியிட்ட பிறந்தமாதக் கல் பட்டியல். அதற்கு ஜாதகம் தேவையில்லை. மேல்நாட்டு முறையில் ஜூலை 23-லிருந்து ஆகஸ்ட் 22 வரை பிறந்தவர் சிம்மம். நம் கணக்கில் சூரியன் சிம்மத்துக்கு வருவதே ஆகஸ்ட் 17 வாக்கில், ஆவணி பிறக்கும்போது. இன்னொன்று, நம் ஊரில் 'சிம்ம ராசி' என்பது பிறக்கும்போது சந்திரன் சிம்மத்தில் இருந்ததைக் குறிக்கும். எந்த மாதத்தில் பிறந்தாலும் அப்படி அமையலாம்.

அழகுக்காகப் போடுவதானால் கடைக்காரர் சொன்னபடி போடலாம். ஜாதகப்படி போடுவதானால் ஜோதிடர் சொல்வதைக் கேளுங்கள். இரண்டையும் கலந்து குழம்ப வேண்டாம்.

10. எத்தனை கேரட் போடணும்? ஒருத்தர் ரத்திங்கறார், ஒருத்தர் கேரட்டுங்கறார்.

1 கேரட் என்பது 200 மில்லிகிராம், உலகம் முழுக்க அதுதான். ரத்தி நம்முடைய குண்டுமணி எடையில் தொடங்கிய அளவு, இடத்துக்கு இடம் மாறும். கல் வியாபாரத்தில் சொல்லும் ரத்தி சுமார் 182 மில்லிகிராம், அதாவது 0.91 கேரட். ஜெய்ப்பூரிலிருந்து வரும் '5.25 ரத்தி' கல் சுமார் 4.8 கேரட்தான். விலை பேசும்போது "கேரட்டா, ரத்தியா?" என்று முதலில் கேளுங்கள், கேரட் விலை சொல்லி ரத்தியில் எடை போட்டால் 5 கேரட்டுக்கு அரை கேரட் அளவு குறையும்.

உடல் எடையைப் பத்தால் வகுத்து வரும் எண்தான் கேரட் என்ற கணக்குப் பரவலாக இருக்கிறது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்தக் கணக்கில் 7 கேரட் வேண்டும் என்று அலைகிறவர்கள்தான் கண்ணாடி நிரப்பிய பெரிய கல்லில் மாட்டுகிறார்கள். ஒரே காசுக்கு, சிறிதாக இருந்தாலும் அசலாக வாங்குவதே எங்கள் யோசனை.

11. கல் தோலைத் தொட்டாத்தான் பலனா? போட்ட இடம் கறுத்துப் போச்சு, நோயை இழுக்குதுன்னாங்க.

தொட வேண்டும் என்பது ஜோதிட வழக்கம், அதற்காகப் பின்பக்கம் திறந்து பதிப்பார்கள். கறுப்பது கல்லால் அன்று. வெள்ளியும் தாமிரமும் வியர்வையோடு சேர்ந்து கறுப்பாகவோ பச்சையாகவோ கறைபடும். அரிப்போடு சிவந்து தடித்தால் உலோகக் கலவையில் நிக்கல் இருக்கலாம். சோப்பும் ஈரமும் மோதிரத்தடியில் தங்கினாலும் தோல் வெந்து போகும். இரண்டு வாரம் கழற்றி வையுங்கள். ஆறிவிட்டால் காரணம் அதுதான்.

12. அசலா போலியான்னு வீட்டுலயே பாக்க முடியுங்களா? பால்ல போட்டா பால் சிவக்கணும்னாங்க.

பால் சிவக்காது. சிவப்புக் கண்ணாடியைப் பாலில் போட்டு வெளிச்சத்தில் பிடித்தாலும் பால் சிவந்த மாதிரிதான் தெரியும். தாமரை மொட்டின் மேல் வைத்தால் மலரும், கண்ணிமையில் வைத்தால் குளிரும் என்பதும் அப்படித்தான். வீட்டில் செய்யக்கூடிய உருப்படியான சோதனைகள் மூன்று இருக்கின்றன.

முதலாவது எடை. மோதிரத்தில் பதிக்காத கல்லுக்கு மட்டும் இது பொருந்தும். 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் கல்லை எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது காட்டும் எண்ணால் கல்லின் எடையை வகுத்தால் மாணிக்கத்துக்கு 4 வாக்கில் வரும். உதாரணமாக 5 கேரட் கல், அதாவது 1.00 கிராம், தண்ணீரில் 0.25 காட்ட வேண்டும். 0.40 காட்டினால் சாதாரணக் கண்ணாடி. 0.17 காட்டினால் சிவப்பு ஏ.டி. கல் ('அமெரிக்கன் டயமண்ட்' என்று விற்கும் செயற்கை சிர்கோனியா). 1 கிராமுக்குக் குறைந்த கல்லில் தராசின் பிழையே அதிகமாகிவிடும், அதற்கு இந்தச் சோதனை வேண்டாம்.

இரண்டாவது காந்தம். கார்னெட் கல்லும் எடையில் 4-ஐ ஒட்டி வரும், பார்வைக்கும் மாணிக்கம் போலவே இருக்கும். கல்லை நூலில் தொங்கவிட்டு வலுவான நியோடிமியம் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் சிவப்புக் கார்னெட் மெதுவாக இழுபடும். மாணிக்கம் அசையாது. மூன்றாவது, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். இருட்டறையில் அடித்தால் பர்மா மாணிக்கம் தணல் போல் சிவக்கும்; இரும்பு அதிகமான தாய்லாந்து, மொசாம்பிக் கற்கள் மங்கலாகவே தெரியும்; கார்னெட் இருண்டே இருக்கும்.

இந்த மூன்றிலும் செயற்கை மாணிக்கமும் தேறிவிடும். அதைப் பிரிக்க 10 மடங்கு பெருக்கும் லென்ஸில் உள்ளே பார்க்க வேண்டும்: இயற்கைக் கல்லில் நேரான வளர்ச்சிக் கோடுகள், பட்டு நூல் போன்ற ஊசிகள், சுடரில் வளர்த்த செயற்கைக் கல்லில் (கேள்வி 14) வளைந்த கோடுகளும் உருண்டைக் குமிழிகளும் தெரியும். சந்தேகம் தீர ஆய்வகச் சான்றிதழ்தான் வழி. கீறிப் பார்க்காதீர்கள், கார்னெட்டும் கண்ணாடியைக் கீறும்.

13. 'கிளாஸ் ஃபில்லிங்'னு சொல்றாங்களே, அது என்ன?

விரிசல் நிறைந்த, விலைபோகாத குருந்தத்தைக் கழுவி, ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி விரிசல்களுக்குள் ஊடுருவச் செய்வார்கள். கல்லும் கண்ணாடியும் ஒளியை ஏறக்குறைய ஒரே மாதிரி வளைப்பதால் விரிசல் கண்ணுக்கு மறைந்துவிடும். 2004 வாக்கில் சந்தைக்கு வந்தது. கேரட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பளபளக்கும் பெரிய 'அசல் மாணிக்கம்' பெரும்பாலும் இதுதான். லென்ஸில் கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் விரிசல் தளத்தில் நீல ஒளி மின்னி மறையும், தட்டையான குமிழிகளும் இருக்கும்.

பிரச்சினை பட்டறையில் தொடங்கும். மோதிரத்தைச் சின்னதாக்கக் கொடுக்கிறீர்கள், ஆசாரி கல்லைக் கழற்றாமல் ஊதுகுழல் காட்டுகிறார், உள்ளே இருக்கும் கண்ணாடி உருகி வழிகிறது. வெளுக்க அமிலத்தில் போட்டால் கண்ணாடி அரித்து, வெள்ளை நூல் வலை மாதிரி விரிசல்கள் எழும்பிவிடும். எலுமிச்சைச் சாறு பட்டாலே காலப்போக்கில் அரிக்கும். அசல் கல்லுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: வெங்காரம் பட்ட நிலையில் சூடேற்றினால் மாணிக்கத்தின் மேல்தோல் கரைந்து பொரிந்து போகும். எந்தக் கல்லானாலும் "கல்லைக் கழற்றிட்டுப் பத்த வைங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வெறுமனே சூடேற்றி நிறம் கூட்டிய மாணிக்கம் வேறு. அது வெகுகாலமாக வழக்கத்தில் உள்ள, நிலையான முறை. சொல்லி விற்றால் குற்றமில்லை.

14. செயற்கை மாணிக்கம் போட்டா பலன் உண்டா?

கனிமமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று. பிரான்ஸ் நாட்டு வெர்னாய் 1902-இல் அறிவித்த சுடர் முறையில், அலுமினா பொடியில் குரோமியம் சேர்த்து உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்க்கிறார்கள். கைக்கடிகாரத்தில் '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருப்பது இந்தக் கல்தான். 1960-இல் மைமன் இயக்கிய உலகின் முதல் லேசரும் செயற்கை மாணிக்கத் தண்டில் பிறந்தது. பச்சை குத்தியதை அழிக்கத் தோல் மருத்துவர்கள் மாணிக்க லேசர் பயன்படுத்துகிறார்கள். மாணிக்கம் உடம்பின்மேல் மருத்துவ வேலை செய்கிறது என்று துணிந்து சொல்லக்கூடிய இடம் அது.

ஜோதிடர்கள் பூமியில் விளைந்ததற்கே பலன் என்பார்கள். அந்த வழி போகிறவர்கள் செயற்கையை வாங்கிப் பயனில்லை. அழகுக்கு வாங்குபவர்களுக்கு அது நல்ல, உறுதியான கல். விலை மட்டும் இயற்கைக் கல் விலையாக இருக்கக் கூடாது.

15. மாணிக்கமும் நீலமும் சேர்த்துப் போடக்கூடாதாமே? ஆனா நவரத்தின மோதிரத்துல ரெண்டும் இருக்கே?

சூரியனும் சனியும் தந்தையும் மகனும். ஆனாலும் பகை என்பது ஜோதிடம். ஆகவே மாணிக்கத்தோடு நீலத்தைச் சேர்க்க மாட்டார்கள். வைரமும் கோமேதகமும்கூட வேண்டாம் என்பார்கள். நவரத்தின மோதிரத்தில் ஒன்பது கிரகமும் அவரவர் இடத்தில் இருப்பதால் தோஷமில்லை என்று அவர்களே விலக்குத் தருகிறார்கள்.

கல்லாகப் பார்த்தால் முதல் கேள்வியில் சொன்னபடி இரண்டும் குருந்தமே. குரோமியம் இருந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் இருந்தால் நீலம். பகை நம்பிக்கையில்தான் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து விரலில் போட்டால் ஒன்றையொன்று உரசிப் பட்டைமுனை தேயும் என்பது மட்டும் கண்ணால் பார்க்கக்கூடிய உண்மை.

16. கொலுசுல இருக்கற சிவப்புக் கல் மாணிக்கமா? கால்ல போடலாமா?

சேலம் கொலுசில் வரும் சிவப்புக் கல் கண்ணாடியோ ஏ.டி. கல்லோதான், பல மாதிரிகளில் கல்லே இல்லாமல் எனாமல் பூச்சு மட்டும் இருக்கும். அந்த விலைக்கு அசல் வைக்க முடியாது, யாரும் வைப்பதாகச் சொல்வதும் இல்லை. தங்கத்தையும் ரத்தினத்தையும் காலில் போடக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஆனால் கண்ணகியின் சிலம்புக்குள் இருந்தது மாணிக்கப் பரல் என்பது எல்லோருக்கும் தெரியும். வழக்கம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது, விருப்பம் உங்களுடையது.

17. பில்லுல என்ன பாக்கணும்?

தங்க மோதிரமானால் மொத்த எடை, கல் எடை, கல் கழித்த தங்க எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். 5 கேரட் கல் 1 கிராம். அதைக் கழிக்காவிட்டால் கல்லுக்குத் தங்க விலை கொடுக்கிறீர்கள். ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து ஹெச்யூஐடி எண்ணும் தங்கத்தின் தரத்தைத்தான் சொல்லும், கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இதைத் தெரியாமல் "ஹால்மார்க் இருக்கு, கல்லும் அசல்தான்" என்று நம்புகிறவர்கள் மிக அதிகம்.

கல்லுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். அதில் 'இயற்கை மாணிக்கம்' என்பதோடு நிற்காமல், மேம்பாடு என்ற வரியைப் படியுங்கள். சூடேற்றியது, கண்ணாடி நிரப்பியது என்பது அங்கேதான் இருக்கும். எடையும் நீள அகலமும் உங்கள் கையில் இருக்கும் கல்லோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒரு கல்லின் சான்றிதழை இன்னொரு கல்லோடு வைத்துக் கொடுப்பது நடக்கிறது.

18. எப்படிக் கழுவறது? தினமும் போட்டுக்கலாங்களா?

தினமும் போடலாம். இயற்கை ரத்தினங்களில் வைரத்துக்கு அடுத்த கடினம், மோஸ் அளவில் 9. ஆனால் கடினம் என்றால் உடையாது என்று பொருளில்லை. கல் தரையில் விழுந்தால், அம்மியில் இடித்தால் முனை சிதறும். மாவு பிசையும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கழற்றுங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணம், இரண்டு சொட்டு ஷாம்பு, பத்து நிமிடம். மென்மையான குழந்தைப் பல்துலக்கியால் பின்பக்கத்திலிருந்து தேயுங்கள். அழுக்கு அங்கேதான் தங்கும். நல்ல தண்ணீரில் அலசிப் பருத்தித் துணியில் ஒற்றுங்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை வேண்டாம். மூடிய பதிப்பு நகையைத் தண்ணீரில் ஊறவே விடக்கூடாது, காரணம் அடுத்த பதிலில். முத்தும் பவளமும் இருக்கும் பெட்டியில் மாணிக்கத்தைத் தனித் துணியில் சுற்றி வையுங்கள், அவற்றைக் கீறிவிடும்.

19. கல்லு மங்கிப் போச்சு. ஏதோ கெட்டது வரப்போகுதோ?

கேள்வி 3-இல் சொன்ன ஐரோப்பிய நம்பிக்கை நம் வீடுகளிலும் இருக்கிறது. பயப்பட வேண்டாம். குருந்தத்துக்குள் இருக்கும் குரோமியம் எங்கும் போகாது, மாணிக்கம் உடுத்தித் தேய்ந்து வெளுக்கும் கல் கிடையாது. சோப்புப் படலமா என்று முதலில் மேலே சொன்னபடி கழுவிப் பாருங்கள். அடைத்துப் பதித்த பழைய நகையாக இருந்தால், கல்லுக்கு அடியில் பளபளப்புக்கு வைத்த தகடு தண்ணீர் புகுந்து கறுத்திருக்கும். ஆசாரி கல்லைக் கழற்றித் தகடு மாற்றினால் பழைய ஒளி வரும். வெள்ளை நூல் வலை தெரிந்தால் அது கண்ணாடி நிரப்பியது, அதைச் சரிசெய்ய முடியாது.

20. பாட்டி போட்ட மோதிரம். வேற ஒருத்தர் போட்ட கல்லை நான் போடலாமா?

கல்லில் யாருடைய நோயும் தங்காது. மனசு ஒப்பவில்லை என்றால் கழுவிப் பூஜையில் வைத்துப் போடுங்கள். போடும் முன் நகத்தால் கல்லின் ஓரத்தைத் தட்டிப் பாருங்கள். ஆடினால், டிக் என்று சத்தம் வந்தால், பிடிநகங்கள் தேய்ந்திருக்கின்றன. உள்விட்டத்தை அளந்து, நகங்களை இறுக்கச் சொல்லி, கல்லைக் கழற்றாமல் சூடு காட்ட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். கொடுக்கும் முன் கல்லின் மேலும் பக்கவாட்டிலும் கைப்பேசியில் நெருக்கமாக இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கோடும் புள்ளியும் ஒவ்வொரு கல்லுக்கும் வேறு. திரும்பி வரும்போது அதே கல்தானா என்று ஒப்பிட அந்தப் படம் போதும்.